ஆறு வயசுக் கண்ணால் ஒரு கிராஃபிக் நாவல்: எங்கே இடறுது?

கோணல்கோடு:
அப்பாவுக்கு வேலை போன ராத்திரியை கிராஃபிக் நாவலா, அதாவது கட்டம் கட்டமா படம் போட்டுச் சொல்ற கதையா, வரைஞ்சிட்டிருக்கேன். அப்போ எனக்கு ஆறு வயசு. பெரியவங்க குசுகுசுன்னு பேசுறாங்க, நான் மேசைக்கு அடியில. பன்னிரண்டு பக்கம் முடிச்சு நண்பன்கிட்ட காட்டினேன். "சின்னப் பையன் சட்டையை மாட்டிக்கிட்டு நாற்பது வயசு ஆள் பேசுற மாதிரி இருக்குடா"ன்னான். சுருக்குனு இருந்துச்சு. எல்லாக் கட்டத்தையும் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்குற கோணத்துக்கு மாத்தணுமா?

மைப்புட்டி:
மாத்தாதீங்க, படிக்கிறவங்களுக்குக் கழுத்து வலிக்கும். மர்ஜான் சத்ரபி ஈரான்ல தான் வளர்ந்த கதையைத் தானே வரைஞ்ச கிராஃபிக் நாவல் 'பெர்செபோலிஸ்', அதை எடுத்துப் பாருங்க. கட்டத்துக்கு மேல இருக்குற வரி வளர்ந்தவளோடது, பேச்சுக் குமிழிக்குள்ள பேசுறது குழந்தை. 1980, ஈரான், பள்ளிக்கூடத்துல முக்காடு கட்டாயமாகுது, அவளுக்குப் பத்து வயசு. ஏன் போடணும்னே புரியாத பிள்ளைங்க அதையே கயிறாக்கித் தாண்டிக் குதிக்குதுங்க. இன்னொரு இடத்துல, மார்க்ஸும் கடவுளும் ஒரே சாயல்னு அவளுக்குத் தோணுது. மார்க்ஸுக்குத்தான் முடி கொஞ்சம் சுருட்டையாம்! பெரியவங்க அரசியலெல்லாம் அவ மண்டையில தாடியாத்தான் போய் இறங்கியிருக்கு.

வெற்றுக்கட்டம்:
அந்த மேல்வரிதான் ஆபத்து. சத்ரபிக்கு அதை எங்க அடக்கணும்னு தெரியும். அதே புத்தகத்துல, ஏவுகணை விழுந்து பக்கத்து வீடு தரைமட்டம். இடிபாட்டுல தோழியோட கைவளை கண்ணுல படுது. வாயைப் பொத்துறா, முகத்தை மூடிக்கிறா, அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. ஒரு கோடு கிடையாது. மூடின கைக்குள்ள அவளுக்கு என்ன தெரியுமோ, நமக்கும் அதுதான்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்குப் பேசினதெல்லாம் உங்க காதுல விழுந்ததா, பின்னாடி அம்மா சொல்லித் தெரிஞ்சதா?

கோணல்கோடு:
மாட்டிக்கிட்டேன். அம்மா சொன்னதுதான். எனக்கு உண்மையில ஞாபகம் இருக்குறது அப்பாவோட கைக்கடிகாரம் மட்டும். தூங்கப் போகும்போதுதான் கழட்டுவார். அன்னைக்குச் சாயங்காலமே கழட்டி மேசை மேல வெச்சுட்டார். அடியில உட்கார்ந்து பலகையில காதை வெச்சு டிக் டிக்குனு கேட்டுட்டே இருந்தேன். அதைப் போய் ஏழாம் பக்க மூலையில, நகத்தளவுக்கு வரைஞ்சிருக்கேன்!

வெற்றுக்கட்டம்:
அதைப் பெருசாக்குங்க. பேச்சுக் குமிழியெல்லாம் பலகைக்கு மேல மொத்தையா, எழுத்துப் புரியாம இருக்கட்டும்.

கோணல்கோடு:
ஒன்பது மேல்வரியை அடிச்சாச்சு. கடிகாரத்துக்கு ஒரு முழுப் பக்கம். முள்ளை எந்த மணியில நிறுத்துறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்போ எனக்கு மணி பார்க்கவே தெரியாதே! எண் இல்லாம வெறும் வட்டமா வரையப் போறேன்.