வகுப்பறைச் சலிப்பு (ஆசிரியர்களின் பணிச்சோர்வு): உங்களுக்கு எப்போது உறைத்தது?

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை
அரையாண்டுத் தேர்வுக்குப் பிந்தைய சிறப்பு வகுப்பில் நடந்தது. இன்னும் மனத்தை அரிக்கிறது. தேல்ஸ் தேற்றத்தில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து வந்து, எவர் உதவியும் இன்றிக் கடைசி வரி வரை போட்டு முடித்துவிட்டு, சாக்பீஸைக் கீழே வைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்காகவே ஆண்டு முழுவதும் பாடுபட்ட எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டத்தில் இனி இவன் பெயருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்ற எண்ணம் மட்டுமே ஓடியது. "சரி, உட்கார்" என்றேன். உடல் அலுப்பு தூங்கினால் போய்விடும். இது அந்த வகையன்று.

ஈராசிரியர் பள்ளி, தொடக்க நிலை
தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது அதை விரும்பி ஏற்றவள் நான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதில் இன்றும் எனக்குக் குறையில்லை. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும் வேலைதான் ஆளைத் தின்றது. எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் மட்டுமே. அங்கே நான் நின்றிருந்தபோது, ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "டீச்சர், நீங்க போன் பாத்து முடிச்சப்புறம் காட்டறேன்" என்றாள். அன்று மாலையே உடன் பணிபுரியும் ஆசிரியரிடம் பேசி, ஒரு வாரம் அவர், மறுவாரம் நான் என்று பதிவேற்றத்தைப் பிரித்துக்கொண்டோம். பாதிப் பாரம் இறங்கியது.

மெட்ரிக் பள்ளி, வேதியியல்
முதலில் எழுதிய அம்மையார் கோடை விடுமுறை வரை பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கும் ஒருமுறை வருகைப் பதிவு எடுக்கையில் பெயர்கள் மறந்துபோய் நின்றதுண்டு, அவ்வளவுதான். அதிகாலையில் எழுந்து நடந்துவிட்டுக் கம்மங்கூழ் குடியுங்கள். விடைத்தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வாட்சாப் குழுக்களைத் திறக்காதீர்கள். மூச்சுப் பயிற்சியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். வங்கியில் பணிபுரியும் என் மைத்துனருக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன். அவர்தான் கேட்பதில்லை.

மேல்நிலைப் பள்ளி, வரலாறு
கம்மங்கூழின் மேல் எனக்குப் பகையில்லை ஐயா. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வு (burnout) எனப்படும் இந்நிலையை நோய் என்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்து, ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், பணித்திறன் குறைதல் ஆகிய மூன்றையும் அடையாளங்களாகக் காட்டியிருக்கிறது. கணித ஆசிரியை எழுதியிருப்பது அப்படியே இரண்டாவது அடையாளம். வேலையைக் குறைக்காமல் நடைப்பயிற்சியை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து செய்யும் பதிவேற்றத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் கதை சிறியது. மணி அடித்த பிறகும் ஆசிரியர் அறை நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்தேன். வகுப்புத் தலைவன் வந்து வாசலில் நின்று, என்னைக் கூப்பிடாமலேயே திரும்பிப் போய்விட்டான். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றேன். மருத்துவர் முதலில் கேட்டது என் தூக்கத்தைப் பற்றித்தான். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியை
நன்றி ஐயா. சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பை இருவர் மாறி மாறி எடுக்கத் தலைமையாசிரியர் சென்ற வாரம் ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: மனநலப் பிரிவின் சான்றை வைத்து மருத்துவ விடுப்புக்கு எழுதினால் அலுவலகத்தில் ஏதேனும் பேச்சு வருமா? அதற்கு அஞ்சியே தள்ளிப்போட்டு வருகிறேன்.