ஸ்பானிஷில் ஒருவரின் தோற்றத்தைப் பாராட்ட எந்த வாக்கியம் சரி? (உதவி தேவை)

கேள்வி

ஸ்பானிஷ் ஏ2 நிலை (தொடக்க நிலை). மாட்ரிட், மெக்சிகோ சிட்டி அலுவலக ஆட்களோடு தினமும் வீடியோ கால். அடுத்த மாதம் நேரில் சந்திப்பு, இரவு விருந்தும் உண்டு. நன்றாக உடுத்தி வந்தவர்களிடம் சொல்ல எழுதி வைத்திருப்பவை:

1. எரேஸ் குவாப்பா
2. எஸ்தாஸ் புவேனா
3. எஸ்தாஸ் காலியென்த்தே
4. தே கேதா பியென் எஸாஸ் காஃபாஸ் (மூக்குக் கண்ணாடிக்கு)

ஆணிடம் "போனீத்தோ" (அழகு) சொல்லலாமா?

பதில் 1

2, 3 இரண்டையும் இப்போதே அடித்துவிடுங்கள்.

"புவேனோ" என்றால் நல்ல. "எரேஸ் புவேனா" என்றால் நீங்க நல்லவங்க. அதையே "எஸ்தாஸ்" போட்டுச் சொன்னால் உடலை வெறித்துப் பார்த்துச் சொல்கிற பேச்சாகிவிடும். "காலியென்த்தே" இன்னும் மோசம். ஆங்கில "ஹாட்"டை அகராதியில் தேடினால் வருவது இதுதான். சூப்புக்குச் சொன்னால் சூடு, ஆளுக்குச் சொன்னால் காம இச்சையில் இருப்பதாக அர்த்தம். அலுவலக விருந்தில் இரண்டில் எதைச் சொன்னாலும் சமாளிக்க முடியாது.

1-இல் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு அது பொருந்தாது. "எரேஸ்" பிறவி அழகைச் சொல்வது, நெருக்கம் கூடிவிடும். "எஸ்தாஸ்" இன்றைய தோற்றத்தைச் சொல்வது. தமிழை வைத்தே பிடித்துக்கொள்ளலாம்: "நீங்க அழகானவங்க" என்றால் எரேஸ், "இன்னிக்கு அழகா இருக்கீங்க" என்றால் எஸ்தாஸ். உடன் வேலை செய்பவரிடம் நாமும் இரண்டாவதைத்தானே சொல்வோம்? ஆகவே "கே குவாப்பா எஸ்தாஸ்!" ஆணுக்கு "கே குவாப்போ எஸ்தாஸ்!"

"அழகா இருக்கீங்க" ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. அதனால் நம்மவர்கள் வழுக்குவது இந்த ஆ, ஓ விகுதியில்தான். விகுதி பாராட்டப்படுபவரைப் பொறுத்தது, சொல்பவரைப் பொறுத்ததல்ல. கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் "குவாப்போஸ்".

"போனீத்தோ" பெரும்பாலும் பொருளுக்கு, குழந்தைக்கு. வளர்ந்த ஆணுக்குக் குவாப்போ போதும்.

பதில் 2

4-ஐ யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். எழுவாய் நீங்கள் அல்ல, கண்ணாடி. "அந்தக் கண்ணாடி உங்களுக்கு நல்லா இருக்கு": இதில் "உங்களுக்கு" இருக்கும் இடம்தான் ஸ்பானிஷ் "தே". நமக்கு ஒருமையான கண்ணாடி அங்கே பன்மை, காஃபாஸ். அதனால் வினையும் பன்மை: தே கேதான் முய் பியென் எஸாஸ் காஃபாஸ். சட்டை ஒன்றுதான் என்றால் "தே கேதா முய் பியென் எஸா காமீசா". மெக்சிகோ ஆளிடம் காஃபாஸை விட்டு லென்த்தெஸ் என்று சொல்லுங்கள்.

வயதில் மூத்தவர், முதல் அறிமுகம் என்றால் "தே" போய் "லே": லே கேதா முய் பியென்.

என்னைக் கேட்டால் அலுவலகத்தில் உடம்பை விட்டு உடையை மட்டும் பாராட்டுங்கள். "மே குஸ்தா து காமீசா" (உங்க சட்டை எனக்குப் பிடிச்சிருக்கு) எந்த நாட்டிலும் உறுத்தாது. உடல் இளைத்ததைப் பாராட்டாகச் சொல்லவே வேண்டாம்.

பதில் 3

ஊருக்கு ஊர் மாறும். மெக்சிகோவில் "தே வெஸ் முய் பியென்" (ரொம்ப நல்லா இருக்கீங்க) இயல்பாக விழும். மாட்ரிடில் அது லத்தீன் அமெரிக்கப் பேச்சாகக் கேட்கும், புரியாமல் போகாது. அர்ஜென்டினாவில் குவாப்பாவைவிட அதே பொருளுள்ள லிந்தாதான் அதிகம், "எரேஸ்" இடத்தில் "சோஸ்". டொமினிக்கன் குடியரசில் "எஸ்தா குவாப்போ" என்றால் ஆள் கோபமாக இருக்கிறார்!

ஸ்பெயினில் கடைக்காரர் "குவாப்பா" என்று கூப்பிட்டால் அது பாராட்டு இல்லை, நம்ம ஊர் "சொல்லும்மா" மாதிரி ஒரு விளி.

தெருவில் தெரியாத பெண்ணிடம் அவள் அழகைப் பற்றிச் சொல்லும் பேச்சுக்கு ஸ்பானிஷில் பிரோப்போ என்று பெயர், அதைப் பழைய பாடநூல் பார்த்துப் பழகிவிடாதீர்கள். பெண்களுக்கு அது தொல்லை. ஸ்பெயினில் 2022-இல் வந்த சட்டப்படி, ஒருவரை அவமானப்படுத்தும், மிரட்டும் அளவுக்குப் போகிற பாலியல் பேச்சு தண்டனைக்குரிய குற்றம்.

கேட்டவர்

மிக்க நன்றி. திருத்தி எழுதிவிட்டேன். "மூச்சோ குவாப்பா" என்றால் "ரொம்ப அழகு" சரியா? உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்? நம்மைப் பாராட்டினால் என்ன பதில்?

பதில் 1

மூச்சோ அல்ல, "முய் குவாப்பா". இன்னும் அழுத்த "குவாப்பீசிமா". அதன் முன்னால் முய் சேர்க்கக் கூடாது.

தமிழில் எழுதிப் படிக்கும்போது ப், த் இரட்டிக்க வேண்டும். "குவாபா" என்று எழுதினால் நம் நாக்கு "அபாயம்" சொல்லில் உள்ள பா ஒலியைக் கொண்டுவந்துவிடும், போனீத்தாவுக்கும் அதே கதை. மாறாக லிந்தாவுக்குச் "சந்தை" ந்த அப்படியே பொருந்தும், கேதாவுக்குப் "பாதை" த. அழுத்தம் எஸ்தாஸ் என்று கடைசியில். முன்னால் விழுந்தால் "இவை" என்ற வேறு சொல் ஆகிவிடும்.

பதிலுக்கு "கிராசியாஸ், து தம்பியேன்" (நன்றி, நீங்களும்) போதும். ஸ்பெயினில் அடக்கமாகச் சொல்ல "கே மே மீராஸ் கோன் புவேனோஸ் ஓஹோஸ்", அதாவது நீங்க நல்ல கண்ணால பார்க்கிறீங்க. சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய வாக்கியம் அது.