இளநிலையில் ஆராய்ச்சி செய்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மண்மாதிரி:
ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், தேடும் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். மண்ணைக் கரைத்து வடிகட்டி பாக்டீரியாவோடு தட்டில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஃபேஜ் இருந்தால் மங்கலான படலத்தில் தெளிவான ஓட்டைகள் விழும். என் தட்டில் விழுந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "மேடம், இது சரியா?" என்றேன். "எனக்கும் தெரியாது, கன்ட்ரோல் தட்டை எடு, பார்ப்போம்" என்றார், ஒப்பிட்டுப் பார்க்க மண்கரைசல் சேர்க்காமல் வைத்த தட்டைத்தான். ஓர் ஆசிரியர் அப்படிச் சொல்லி, அதுவும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி, அதுவரை நான் கேட்டதே இல்லை.

ஆனால் என்னை அரிப்பது வேறு. பக்கத்து மேசைத் தோழி எல்லாம் என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள், அவளுக்குக் கடைசிவரை எதுவும் வரவில்லை. அவளுடைய நோட்டில் ஒவ்வொரு வெற்றுத் தட்டுக்கும் எந்த மண், எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் என்று வரி வரியாக எழுதியிருந்தாள். எனக்கு மதிப்பெண் கூட, அவளுக்குக் குறைச்சல். அடுத்த செமஸ்டரில் மரபணு வரிசையைப் படிக்கும் பகுதிக்கு அவள் வரவே இல்லை.

வெண்தாள்:
உங்கள் மேடத்தைப் புகழ்ந்திருக்கிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. "எனக்கும் தெரியாது" என்று சொல்லத் தெரிந்தவர், ஓட்டை விழுந்தவருக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அது அதிர்ஷ்டத்துக்குப் போட்ட மதிப்பெண்தானே? மட்டி என்ற ஃபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்தரிக்காயிலிருந்து எடுத்தது. லண்டனில் எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமிக்கு உறவான பாக்டீரியா) தொற்றோடு இருந்த 15 வயதுப் பெண்ணுக்கு மூன்று ஃபேஜ்கள் சேர்ந்த கலவை கொடுத்தார்களே, அதில் இதுவும் ஒன்று. 2019-ல் அந்த அறிக்கை வெளிவந்தது. அந்த மாணவி வேறு எதையாவது எடுத்திருந்தால் தட்டு காலியாகவே இருந்திருக்கலாம், அதற்காக அவர் மோசமான மாணவி ஆகிவிடுவாரா?

என் அனுபவம் சின்னது. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக முடிவு வந்தது, வழிகாட்டி அந்தப் பக்கத்தை மட்டும் அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கிழிக்காமல் நான்காக மடித்து மேசை டிராயரில் வைத்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

குடுவை:
உங்களுக்காவது தட்டு கிடைத்தது. விடுமுறை முழுக்க ஒரு ஆய்வகத்தில் குழாய்கள் கழுவினேன், மூடியில் எண்ணும் எழுத்துமாகக் குறியீடு ஒட்டினேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சான்றிதழில் "ஆராய்ச்சி அனுபவம்" என்று போட்டார்கள். மேற்படிப்பு நேர்காணலில் முதல் கேள்வியே, "உங்கள் ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடியது?" நான் வாயைத் திறந்தேன், குறியீடுகள்தான் ஞாபகம் வந்தன. 1969-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்விகர் இளநிலை மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டம் தொடங்கியபோது மாணவர் பேராசிரியரின் இளைய சகா என்பதுதான் எண்ணம். எனக்குக் கிடைத்தது தொட்டியும் பிரஷ்ஷும்.

கரும்பலகை:
நான் பாடம் நடத்துகிறவன். விரிவுரையைக் குறைத்து, வகுப்பிலேயே குழுவாகக் கணக்குப் போட வைத்தேன். செமஸ்டர் முடிவில் ஒரு கருத்துத் தாளில், "சார் பாடமே நடத்தவில்லை, எல்லாம் நாங்களே படித்தோம்." பாராட்டா, புகாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் மண்மாதிரிக்கு, வெண்தாளுக்கு, இந்த மாதிரி வகுப்பு நடத்தப்போகிற எல்லோருக்கும் சொல்கிறேன். 2014-ல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளரின் குழு 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் சுமார் 22. ஆனால் 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் பார்த்தபோது, ஈடுபட்டுக் கற்றவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், குறைவாகக் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள். ஆகவே முதல் நாளே சொல்லிவிடுங்கள், இது கஷ்டமாகத் தோன்றும், கற்கிறபோது அப்படித்தான் இருக்கும் என்று. மதிப்பெண்ணை நோட்டுக்குப் போடுங்கள்: கன்ட்ரோல் வைத்தாயா, அடுத்த தட்டில் எதை மாற்றினாய், ஏன் அதை மாற்றினாய். ஃபேஜ் கிடைக்காதவர் கிடைத்தவரிடமிருந்து ஒன்றைத் தத்தெடுத்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் பாதியில் நிற்க வேண்டியதில்லை. குழாய் கழுவுகிறவரையும் வாராந்திரக் கூட்டத்தில் உட்கார வையுங்கள், ஒரு வரைபடத்தையாவது அவர் விளக்கட்டும்.

பழையகடிதம்:
ஆராய்ச்சி என்றாலே ஏன் எல்லோரும் ஆய்வகத்துக்கே ஓடுகிறீர்கள்? நாங்கள் வரலாற்று வகுப்பில் ஆவணக் காப்பகக் கடிதங்களைப் படியெடுத்தோம். பட்டியலில் இருந்த ஆண்டும் உறையின் அஞ்சல் முத்திரையும் ஒத்துப்போகவில்லை. பூதக்கண்ணாடி வைத்து மறுபடி மறுபடி பார்த்தேன், 3 என்று படித்திருந்தது 8. காப்பகப் பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பென்சிலால் பட்டியல் அட்டையில் அடித்துத் திருத்தினார். எத்தனையோ பேர் கைபட்ட அட்டை அது.

வெண்தாள்:
@பழையகடிதம் திருத்தியது சரி, கண்டுபிடித்தது நீங்கள் என்று எங்காவது எழுதினார்களா? இல்லையென்றால் இப்போதே காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முத்திரையின் படம், கடிதத்தின் எண், திருத்திய தேதி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மாதிரி விஷயத்தில் கூச்சமே வேண்டாம்.