யுத்த காலத்துப் பிளேன் பயணங்கள்: திருகோணமலை ஆட்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உவர்மலை வாசி எழுதியது:

1998 ஓகஸ்டில் அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கு அன்டனோவ் 24 பிளேன் ஒன்றில் வந்தோம். அப்பம்மாவின் திவசத்துக்கு யாழ்ப்பாணம் போய், கொழும்பு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் திருகோணமலைக்குத் திரும்புவதுதான் திட்டம். பஸ் யன்னல்களை மறைத்துத்தான் எங்களைப் பலாலிக்குள் கொண்டுபோனார்கள். மூன்று இடத்தில் செக்கிங்.

பக்கத்து சீற்றில் ஒரு ஐயா. மடியில் ஓலைப்பெட்டி, அதற்குள் பனங்கட்டிக் குட்டானும் ஒடியலும். கொழும்பில் இருக்கிற மகளுக்காம். செக்கிங்கில் கிண்டிப் பார்த்ததில் இரண்டு குட்டான் நசிந்துபோயிருந்தது. அந்தத் துண்டுகளை ஒரு பேப்பரில் வைத்து எனக்கும் அம்மாவுக்கும் நீட்டினார். பிளேன் கிளம்பினவுடன் கடல் பக்கமாகச் சரிந்து திரும்பியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா. ஐயா சொன்னார்: "பயப்படாதை பிள்ளை. கரையாலை போனால் கீழை இருந்து அடிப்பினம் எண்டுதான் கடலுக்காலை கொண்டுபோறாங்கள்." எங்களைத் தேற்றச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் 29ஆம் திகதி, அதே பாதையில், அதே ரகப் பிளேன். லயன் எயார் 602. 48 பயணிகள், 7 பணியாளர்கள். ஏறி ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. இரணைதீவுப் பக்கம் கடலில் விழுந்தது. புலிகள் சுட்டு வீழ்த்திய அந்தப் பிளேனில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்ச் சனம்தான். இதை எழுதுவது இன்றைக்கும் எனக்கு இலகுவாக இல்லை.

செய்தி கேட்ட இரவு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அந்த ஐயா அதுக்கு முந்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரோ?" சனம் போய்வந்த பிளேன்கள் எல்லாம் நின்றுவிட்டன. அவர் கொழும்பிலேயே மாட்டிக்கொண்டாரோ தெரியாது. பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

2012 ஒக்டோபரில்தான் கடற்படைச் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டெடுத்தார்கள். 2014 ஜனவரியில், கடலுக்கடியில் இருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பிவைத்து, சொந்தக்காரரை வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருசம் உப்புத்தண்ணிக்குள் கிடந்த சேட்டையும் சாறியையும் குனிந்து தடவிப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்?

உங்களில் யாராவது அந்தக் காலத்தில் பிளேனில் போயிருந்தால், அல்லது போக முடியாமல் நின்றிருந்தால், எழுதுங்கள்.

மட்டிக்களி எழுதியது:

அக்கா, அந்த ஐயா எங்கள் வீட்டு விறாந்தையில்கூடப் படுத்திருந்திருக்கலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பிளேன் நின்றதும் யாழ்ப்பாணம் போகிற சனம் முழுக்கத் திருகோணமலைக்குத்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 றோட்டு பூட்டு. காங்கேசன்துறைக்குக் கப்பல் ஒன்றுதான் வழி. கிளியரன்ஸ் எடுக்க வேண்டும், கப்பலுக்குப் பேர் பதிய வேண்டும், கடல் அனுமதிக்க வேண்டும். லொட்ஜுகள் நிரம்பினால் வீடுகள். எங்கள் வீட்டில் ஒருதரம் பதினோரு பேர் நின்றார்கள். அம்மா விடிய நாலு மணிக்கே எழும்பிப் புட்டு அவிப்பா. காசு வாங்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள், வாங்கமாட்டா.

ஒரு அன்ரி தாலிக்கொடியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்புச்சேலைக்குள் முடிந்து வைத்திருந்தா. கடலில் ஏதும் நடந்தால் அதோடு தன்னை அடையாளம் காணுவார்கள் என்று சொன்னா. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பிளேன் விழுந்த செய்தி கேட்டபோதுகூட வராத பயம் அன்றைக்குத்தான் வந்தது.

மாரி பிறந்துவிட்டால் இன்னும் மோசம். வாடைக்குக் கடல் கொந்தளிக்கும், கப்பல் நாள் தள்ளிப்போகும். போனாலும் முல்லைத்தீவுக் கரைக்குக் கிட்டப் போகாமல் நல்லாக வெளியே எடுத்துச் சுற்றி, நேவி காவலோடு, இரவிரவாகப் பயணம். போனவர்கள் கடிதத்தில் எழுதுவது முதலில் சத்தி எடுத்த கதைதான். கொழும்பிலிருந்து பிளேனில் என்றால் ஒரு மணித்தியாலம்தான்.

2002இல் ஏ9 திறந்தபோது வீடு வெறிச்சோடிப்போனது. பிறகு 2006 ஓகஸ்டில் திரும்பப் பூட்டினார்கள். திரும்பவும் கப்பல், திரும்பவும் விறாந்தையில் பாய்.

அன்புவழிபுரத்தான் எழுதியது:

நான் பிறந்தது வடமராட்சி, இங்கே வந்து குடியேறினவன். பயணிகள் பிளேனுக்கு ஏன் அடித்தார்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை, நியாயம் கிடையாது. ஆனால் அந்த நாட்களில் வானத்தில் கேட்ட சத்தம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்லலாம்.

மெல்ல உறுமிக்கொண்டு வருகிற பெரிய பிளேனுக்கு எங்கள் ஊரில் 'சகடை' என்று பெயர். ஆமிக்காரரையும் சாமானையும் ஏற்றுகிற அதே வை-8, அதே அவ்ரோதான். அதில் இருந்துதான் பீப்பாக் குண்டையும் உருட்டிவிட்டார்கள். பின்பக்கத்தால் கறுப்பாக ஒன்று விழும், அது கீழே வந்து சேருகிற நேரத்துக்குள் பங்கருக்குள் ஓட வேண்டும். ஆளேற்றுகிற பிளேனுக்கும் குண்டு போடுகிற பிளேனுக்கும் கீழே நிற்கிறவனுக்கு வித்தியாசம் இல்லாமல் போனது அப்படித்தான். பிறகு சனம் ஏறுகிற பிளேனும் அதே சத்தத்தோடு வந்தது.

1995 ஏப்ரல் 19 நள்ளிரவுக்குப் பிறகு திருகோணமலைத் துறைமுகத்தில் சூரயா, ரணசுரு என்ற இரண்டு பீரங்கிப் படகுகளைப் புலிகள் வெடிக்க வைத்தார்கள். அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் இருந்த சமாதானம் அதோடு முடிந்தது. பத்து நாள் கழியவில்லை, 28ஆம் திகதியும் 29ஆம் திகதியும் பலாலிக்குக் கிட்ட இரண்டு அவ்ரோக்கள் விழுந்தன. இரண்டிலும் சேர்த்துத் தொண்ணூறு பேருக்கு மேல். தோளில் வைத்து அடிக்கிற ஏவுகணை வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது அன்றைக்குத்தான். அது எஞ்சின் சூட்டைப் பிடித்துக்கொண்டு போவது. உயரத்தில் பறந்தால் எட்டாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. ஐயா சொன்னது முழு உண்மை, தங்கச்சி. கடலுக்கால் கொண்டுபோனது அதற்காகத்தான்.

அடுத்த வருசம் ஜனவரி 22, பருத்தித்துறைக் கடலில் எம்.ஐ. 17 ஹெலி ஒன்று விழுந்தது. 39 பேர். அந்த நேரம் நாங்கள் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்தோம். விழுந்தவர்களுக்கும் அம்மா இருக்கும் என்று என் அம்மா சொன்னா. அதைக் கேட்டுச் சிலர் அவவோடு கோபித்தார்கள்.

கொட்டியாரம் எழுதியது:

நான் மூதூர். இப்போது நெதர்லாந்தில் இருக்கிறேன்.

2014 ஜூலை 17, மலேசியப் பயணிகள் பிளேன் எம்.எச். 17. கிழக்கு உக்ரைனில் பூக் ஏவுகணை அடித்து 298 பேர். பெரும்பாலோர் இந்த நாட்டுக்காரர். 23ஆம் திகதி முதல் உடல்கள் ஐந்தோவனுக்கு வந்தன. நாற்பது சவவண்டிகள் வரிசையாக ஹில்வர்சம் பக்கம் போயின. நெடுஞ்சாலைப் பாலத்தில் நானும் நின்றேன். எதிர்ப்பக்கத்து வாகனங்கள் தாமாகவே நின்றன. லொறிக்காரர்கள் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். பாலத்தில் நின்ற ஒரு கிழவி பூவைக் கீழே போட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதா. எனக்கு அவவை யாரென்றே தெரியாது. நானும் அழுதேன், ஆனால் நான் அழுதது இரணைதீவுக் கடலுக்கும் சேர்த்து.

ஒரு விசயம் எனக்கு ஆறவே இல்லை. அந்தச் சம்பவத்துக்கு மூன்று நாளைக்கு முன் ஒரு சரக்குப் பிளேனை அங்கே வீழ்த்தியிருந்தார்கள், ஜூனில் 49 பேரோடு ஒரு இராணுவ இல்யூஷின். அப்படியிருந்தும் வான்பரப்பை 32,000 அடி வரைக்கும்தான் பூட்டியிருந்தார்கள். எம்.எச். 17 பறந்தது 33,000 அடியில். முழுதாகப் பூட்டப் போதிய காரணம் இருந்தது என்று டச்சுப் பாதுகாப்புச் சபை 2015இல் சொன்னது. 2020 ஜனவரி 8ஆம் திகதியும் அப்படித்தான்: ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்களுக்கு ஈரான் ஏவுகணை அடித்துவிட்டு, பதிலடியை எதிர்பார்த்திருந்த விடியற்காலையில் தெஹ்ரான் வானம் திறந்தே கிடந்தது. உக்ரைன் பயணிகள் பிளேன் கிளம்பி ஒரு சில நிமிடத்தில் ஈரான் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர். ரிக்கற் வாங்குகிறவனிடம் இதை யார் சொல்கிறார்கள்?

எம்.எச். 17 வழக்கில் இங்கே மூன்று பேருக்கு 2022இல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்தது. ஆட்கள் பிடிபடவில்லை, ஆனால் செத்தவர்களின் ஆட்கள் நீதிமன்றத்தில் எழும்பி நின்று பேசினார்கள். எங்கள் 55 பேரின் வீட்டாருக்கும் அப்படிப் பேச ஒரு இடம் வேண்டும் என்று அதைப் பார்த்த அன்றிலிருந்து நினைக்கிறேன்.

உவர்மலை வாசி எழுதியது:

எழுதினவர்கள் எல்லோருக்கும் நன்றி. மட்டிக்களி, உங்கள் அம்மாவின் புட்டைப் பற்றி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்தா.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வருசம் அம்மாவைக் கண் வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கூட்டிப்போய், நேராகப் பலாலிக்கு ஏ.ரி.ஆர். பிளேன் ஒன்றில் திரும்பினோம். காற்றாடி சுழலத் தொடங்கினதும் அம்மா என் கையைத் தேடினா. இறங்குகிற நேரம் யன்னலால் கடல் தெரிந்தது.

"இரணைதீவு எந்தப் பக்கம்?" என்று கேட்டா.

தெற்கே, இங்கிருந்து தெரியாது என்றேன். ஆனாலும் இறங்கி முடியும்வரை அந்தக் கண்ணாடியிலேயே நெற்றியை வைத்திருந்தா.