ஆயில் ஸ்பில் ஆச்சுன்னா சார்ட்டர் ஃபிஷிங் போட்காரங்களுக்கு காசு யார் தர்றாங்க?

மொபைல்பே_மணி:
வணக்கம் மக்களே. நான் அலபாமால இருக்கேன், ஐடி வேலை. ஆரஞ்ச் பீச்ல அடிக்கடி மீன் பிடிக்கப் போயி பழக்கமான கேப்டன் ஒருத்தர் சிக்ஸ் பேக் சார்ட்டர் போட் ஓட்டுறாரு, அதாவது ஆறு பேர் வரைக்கும் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயி ரெட் ஸ்னாப்பர் பிடிக்க வைப்பாரு. இப்ப ரெண்டாவது போட் வாங்கப் போறாரு, பார்ட்னரா சேர்றியான்னு கேக்குறாரு. வரவு செலவு எல்லாம் பாத்தாச்சு, ஓகேதான். ஆனா வீட்ல ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, 2010ல மெக்சிகோ வளைகுடால பிபி எண்ணெய்க் கம்பெனியோட கிணறு வெடிச்ச மாதிரி திரும்ப கடல்ல எண்ணெய் கொட்டுனா என்ன பண்ணுவீங்கன்னு. கேப்டன கேட்டா "அப்ப பிபி காசு கொடுத்தான்"னு சொல்லிட்டு சிரிக்கிறாரு. நெசமா எப்படி கொடுத்தாங்க, கவர்மெண்டா கம்பெனியா, எங்கள மாதிரி டூரிஸ்ட கூட்டிட்டுப் போறவங்களுக்கும் உண்டா, இல்ல மீன் பிடிச்சு விக்கிறவங்களுக்கு மட்டுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள:
மணி, நான் டாக்ஸ் ஃபைல் பண்ற ஆளு, அந்த டைம்ல நிறைய க்ளெய்ம் பேப்பர் பாத்திருக்கேன். உண்டு. இங்க 1990ல வந்த ஆயில் பொல்யூஷன் சட்டம்தான் அடிப்படை. உன் போட்ல ஒரு சொட்டு எண்ணெய் படலைன்னாலும் அந்த ஸ்பில்லால வருமானம் போச்சுன்னு காட்டுனா கொட்டுன கம்பெனி தரணும். மொதல்ல கம்பெனிகிட்டதான் கேக்கணும், 90 நாள்ல தீர்க்கலைன்னா கோர்ட்டுக்குப் போலாம், இல்லாட்டி இந்த மாதிரி ஸ்பில்லுக்குன்னே கோஸ்ட் கார்ட் கையில இருக்குற ட்ரஸ்ட் ஃபண்டுக்குப் போலாம். அப்ப கடல்ல எண்ணெய் தோண்டுற ரிக்குக்கு நஷ்ட ஈடு லிமிட் 75 மில்லியன் டாலர்தான் (கிளீனப் செலவு தனி), பிபி அந்த லிமிட்ட பிடிச்சுக்கிட்டு நிக்கலை, 20 பில்லியன் ஒதுக்குனாங்க. அடுத்து கொட்டுறவன் அப்படி பண்ணுவான்னு யாரும் எழுதித் தரலை, அத மனசுல வச்சுக்க.

2010 ஆகஸ்ட்ல கென்னத் ஃபைன்பெர்க்னு ஒரு வக்கீல் பொறுப்புல ஒரு க்ளெய்ம் ஆபீஸ் வந்துச்சு. மொதல்ல அவசரத்துக்குன்னு அட்வான்ஸ் கொடுத்தாங்க, அப்புறம் குவிக் பேன்னு ஒண்ணு, தனி ஆளுக்கு 5,000, பிசினஸ்னா 25,000 டாலர், பெருசா பேப்பர் கேக்க மாட்டாங்க ஆனா இனிமே கேஸ் போட மாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கணும். கைல காசில்லாத கேப்டன்கள் அப்படியே போட்டுட்டு போனாங்க. பொறுத்தவங்களுக்கு 2012ல கோர்ட் மேற்பார்வைல செட்டில்மெண்ட் வந்துச்சு, 2015 ஜூன் 8 வரைக்கும் க்ளெய்ம் வாங்குனாங்க. அதுல பழைய வருஷத்து மே-டிசம்பர் வருமானத்த 2010 மே-டிசம்பரோட வச்சுப் பாப்பாங்க. நல்லா கவனி, டாக்ஸ்ல காட்டுன வருமானம்தான் வருமானம். பாதிய கேஷா வாங்கி பாக்கெட்ல போட்டவனுக்கு அந்தப் பாதி போனது போனதுதான். நாலு பேருக்கு மேல இதால அழுதத நேர்ல பாத்தேன்.

டெஸ்டின்_டெக்ஹேண்ட்:
அண்ணன் சொல்றது கரெக்ட்டு. நான் அப்ப ஸ்டூடண்ட், லீவுல ஃப்ளோரிடா டெஸ்டின்ல ஒரு போட்ல டெக்ஹேண்ட், தூண்டில்ல இரை மாட்டி விடுறது, மீன் வெட்டிக் குடுக்குறது. எண்ணெய் எங்க பக்கம் வர்றதுக்கு முன்னாடியே டிவில பாத்துட்டு எல்லாரும் கேன்சல் பண்ணி அட்வான்ஸ திருப்பிக் கேட்டாங்க, அதுதான் மொத அடி. அப்புறம் ஜூன்ல வளைகுடால ஃபெடரல் அரசு கட்டுப்பாட்டுல இருக்குற கடல்ல மூணுல ஒரு பங்குக்கு மேல மீன் பிடிக்கக் கூடாதுன்னு மூடிட்டாங்க, ஸ்னாப்பர் சீசனே அப்பதான் ஓடும், போச்சு. பதிலுக்கு அக்டோபர்-நவம்பர்ல வெள்ளி சனி ஞாயிறு மட்டும் தொறந்து விட்டாங்க, ஆனா அப்ப ஸ்கூல் இருக்கு, எந்தக் குடும்பம் வரும்?

இன்னொண்ணு, பிபியே போட்கள வாடகைக்கு எடுத்து எண்ணெய் தடுக்குற பூம் இழுக்க விட்டான். 30 அடிக்குள்ள இருந்தா ஒரு நாளைக்கு 1,200 டாலர், பெருசுன்னா 3,000 வரைக்கும். வேலைக்குக் கூப்பிடு வந்தவன் பொழச்சான், சும்மா லிஸ்ட்ல பேர் மட்டும் போட்டுட்டு ஃபோனையே பாத்துட்டு உக்காந்தவன் நெறைய. மீன்பிடிச்சே பழக்கமில்லாதவன் போட் ஓடுது எங்க கேப்டன் போட் கட்டிக்கெடக்குதுன்னு டாக்ல தெனம் சண்ட. அப்புறம் அதுல வந்த சம்பளத்த க்ளெய்ம்ல கழிப்போம்னாங்க, அதுக்கு ஒரு சண்ட.

ஓசி_தமிழன்:
நான் கலிஃபோர்னியா, ஹண்டிங்டன் பீச் பக்கம். இங்க 2021 அக்டோபர்ல கடலடி பைப்லைன் உடைஞ்சுச்சு, அதுக்கு முன்னாடி கப்பல் நங்கூரம் இழுத்துட்டுப் போனதுன்னு கண்டுபிடிச்சாங்க. மெக்சிகோ வளைகுடாவோட பாத்தா சின்ன ஸ்பில்தான், நவம்பர் கடைசில ஃபிஷிங் தடையும் போயிடுச்சு. ஆனா பைப்லைன் கம்பெனி 50 மில்லியன் டாலருக்கு ஒத்துக்கிட்டது 2022ல, கப்பல்காரங்க 45 மில்லியன் 2023ல. ரெண்டு மாசத்து அடிக்கு வருஷக்கணக்கா காத்திருக்கணும், அதுவரைக்கும் போட் லோன், போட் நிறுத்துற இடத்து வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் யார் கட்டுவா? அதான் கேள்வி.

எண்ணூர்க்காரன்:
குறுக்க வர்றேன் மன்னிக்கணும். இங்க 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்தப்ப அரசு நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபா, போட் சரிபண்ண 10,000. எல்லாருக்கும் ஒரே ரேட்டு. வருமானத்துக்கு கணக்கு காட்டு, அதுக்குத் தக்க தர்றேன்னு சொல்ற முறை இங்க இருந்தா எங்காளுங்க எத்தன பேர் தேறுவாங்கன்னும் தெரியல, ஏலத்துல கையோட கையா வித்த மீனுக்கு ஏது பில்லு.

மொபைல்பே_மணி:
அண்ணே எண்ணூர்ல இவ்ளோதானா, மனசு கஷ்டமா இருக்கு. கணக்குப்புள்ள அண்ணா, ஓசி ப்ரோ கேட்ட அதே கேள்விதான் எனக்கும், அந்த இடைப்பட்ட காலத்துக்கு ஏதாவது? சின்ன பிசினஸுக்கு உதவுற அரசு ஏஜென்சி எஸ்பிஏ தர்ற லோன்னு கேப்டன் சொன்னாரு. புது போட்டுக்கு பழைய கணக்கே இருக்காதே, அப்ப?

கணக்குப்புள்ள:
எஸ்பிஏ டிசாஸ்டர் லோன் உண்டு, 2010ல 4 சதவீத வட்டிக்குக் கொடுத்தாங்க, ஆனா அது கடன்ப்பா, உதவின்னு பேர் வச்சா கடன் இல்லாம போயிடுமா. பெர்சனல் கேரண்டி கேப்பாங்க, உன் வீடும் அதுல மாட்டலாம். அதுக்குப் பதிலா ரெண்டு பேரும் ஒரு சீசனோட நிலையான செலவ தனி அக்கவுண்ட்ல போட்டு வச்சுட்டு பிசினஸ் ஆரம்பிங்க, முடியலைன்னா இப்போதைக்கு ஆரம்பிக்காதீங்க, என் அபிப்ராயம் அவ்ளோதான்.

புது போட் கேள்வி நல்ல கேள்வி. 2012 செட்டில்மெண்ட்ல 18 மாசத்துக்குக் கம்மியா ஓடுன பிசினஸுக்கு தனி கணக்குமுறையே இருந்துச்சு, ஆனா பேப்பர் அதுக்குத்தான் அதிகம் கேட்டாங்க. அதனால ரெண்டாவது போட்ட எல்எல்சின்னு தனி கம்பெனி வச்சு அதுல போடுறதா பழைய கம்பெனிலயே சேக்குறதான்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணு. ட்ரிப் லாக், புக்கிங் காலண்டர், கேன்சல் ஆன மெயில், திருப்பிக் குடுத்த அட்வான்ஸ், டீசல் பில்லு, எல்லாத்தையும் மாசாமாசம் ஸ்கேன் பண்ணி கரையில வை, போட்ல வைக்காத. உங்க கேப்டனோட ஷெட்யூல் சி, அதாவது பிசினஸ் வரவு செலவு காட்டுற டாக்ஸ் ஃபார்ம், கடைசி மூணு வருஷத்தது வாங்கிப் பாத்தியா? மொதல்ல அத கேளு, சிரிக்கிறாரா பாப்போம்.