மாதச் செலவிலேயே சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்டுக்கு மைல்ஸ் சேருமா?

சத்துவாச்சாரி_வாசி:
வணக்கம். எங்கள் வீட்டு மாதச் செலவு சுமார் 60,000 ரூபாய். மளிகை, காய்கறி 12,000, ஆஸ்பத்திரி, மருந்து 9,000, துணி, ஓட்டல், இதர செலவு 6,000, பெட்ரோல் 5,000, கரண்ட், போன், கேஸ் 5,000, நகைச்சீட்டு 10,000, வாடகை 13,000. கையில் இருக்கும் கிரெடிட் கார்டில் 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட். 2 பாயிண்டை 1 மைலாக, அதாவது பணத்துக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கும் விமான நிறுவனப் புள்ளியாக, மாற்றலாம். எல்லாச் செலவையும் இதில் போட்டால் வருடத்துக்கு ஒருவர் சிங்கப்பூர் போய்வரும் அளவு மைல்ஸ் சேருமா? அடுத்த வருடம் அம்மாவுக்கு முட்டு ஆபரேஷனும் இருக்கிறது, சுமார் 2.5 லட்சம் ஆகும்.

காட்பாடி_கணக்கு:
சார், முதலில் 60,000-ஐ மறந்துவிடுங்கள். பாயிண்ட் விழும் செலவு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் கிடையாது. பங்கில் பிடிக்கும் 1 சதவீத சர்சார்ஜை (கூடுதல் கட்டணத்தை)த் திருப்பித் தருவார்கள், அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி திரும்பாது. வாடகையை ஆப் வழியாகக் கார்டில் கட்டும் வசதியைப் பல ஆப்கள் 2025-இல் நிறுத்திவிட்டன. இருந்த காலத்திலும் 1 சதவீதம் கட்டணம் பிடித்தார்கள், பாயிண்டும் பல வங்கிகளில் இல்லை. நகைக்கும் பல வங்கிகளில் பாயிண்ட் இல்லை. கரண்ட், போன், கேஸ் பில்லுக்குப் பாதி பாயிண்ட் தருபவர்களும் உண்டு, ஒன்றுமே தராதவர்களும் உண்டு. ஆகவே உங்களிடம் உறுதியாக மிஞ்சுவது மளிகை, மருத்துவம், இதர செலவு மூன்றும் சேர்ந்து 27,000.

27,000-ஐ 150-ஆல் வகுத்தால் 180. நாலால் பெருக்கினால் 720 பாயிண்ட், அதாவது மாதம் 360 மைல். வருடத்துக்கு 4,320. இதுவும் முழுசாக வராது. பல வங்கிகள் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக 150-இன் மடங்காகக் கீழே இறக்கித்தான் கணக்குப் போடும். 290 ரூபாய் பில்லுக்கு 4 பாயிண்ட்தான், 140 ரூபாய்க்குப் பூஜ்யம். தினமும் சில்லறையாக வாங்குவதைவிட மாதச் சாமானை ஒரே பில்லாகப் போடுவது நல்லது.

ஒருவழிக்கே 16,000 மைல் என்று வைத்தால், இந்தக் கார்டை வைத்துக்கொண்டு வருடம் ஒரு டிக்கெட் என்பது நடக்காது.

குடியாத்தம்_மீனா:
எந்தக் கடைக்கு பாயிண்ட் விழும் என்பதைக் கடையின் பெயர்ப்பலகை தீர்மானிப்பதில்லை. கார்டு மெஷினுக்கு வங்கி கொடுத்திருக்கும், கடையின் தொழில் வகையைக் குறிக்கும் நான்கு இலக்க எம்.சி.சி எண்தான் தீர்மானிக்கிறது. மளிகை, சூப்பர் மார்க்கெட் 5411, மருந்துக்கடை 5912, மருத்துவமனை 8062, ஓட்டல் 5812, நகைக்கடை 5944, கல்லூரி 8220, பெட்ரோல் பங்க் 5541 அல்லது 5542. மளிகைக் கடைக்காரர் தன் இன்னொரு தொழிலுக்கு வாங்கிய மெஷினை இங்கே வைத்திருந்தால் கணக்கு மாறிவிடும். புதுக் கடை என்றால் முதலில் சின்னத் தொகைக்கு ஸ்வைப் செய்து, ஸ்டேட்மென்டில் பாயிண்ட் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய பில்லைப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் முன்பணக் கார்டில் காசு ஏற்றிக் கட்டும் முறை இருந்தால் இந்தச் சோதனை மிகவும் அவசியம். வாலெட்டில் பணம் போட்டதாகப் பதிவானால் ஒரு பாயிண்ட்கூட வராது.

மெஷின் இல்லாத கடைகளுக்கு ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் இணைக்கலாம். ஆப்பில் கார்டைச் சேர்த்து, கடைசி 6 எண்களும் காலாவதி மாதமும் கொடுத்து யுபிஐ பின் அமைத்தால் போதும். வியாபாரிக்கான கியூஆர் ஆக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டியிருந்தால் கிரெடிட் கார்டிலிருந்து பணம் போகாது. யுபிஐ செலவுக்குப் பாயிண்ட் குறைவாகத் தரும் கார்டுகளும் உண்டு, விதிமுறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சத்துவாச்சாரி_வாசி:
இருவருக்கும் நன்றி. வேலூர் லாங் பஜாரில் சில கடைகளில் கார்டு என்றால் 2 சதவீதம் சேர்த்துக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? ஆபரேஷன் தொகையை எந்தக் கார்டில் போடுவது?

காட்பாடி_கணக்கு:
2 சதவீதம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ரொக்கமாகக் கட்டிவிடுங்கள். ஏன் என்று ஒரு மைலின் மதிப்பைப் பார்த்தால் தெரியும். உதாரணத்துக்கு, ஒருவழி டிக்கெட் 14,000 ரூபாய். அதையே மைல்ஸில் எடுத்தால் 16,000 மைலும், வரியாக 4,500 ரூபாயும் என்று வையுங்கள். மிச்சமாவது 9,500 ரூபாய். 16,000-ஆல் வகுத்தால் ஒரு மைல் சுமார் 59 பைசா. உங்கள் கார்டில் 27,000-க்கு 360 மைல், அதாவது 212 ரூபாய். 0.8 சதவீதம்கூட இல்லை. 1 சதவீத கேஷ்பேக் கார்டே 270 தரும்.

ஆபரேஷன் வருடத்தில் மட்டும் கணக்கு வேறு. 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட் தந்து, 1 பாயிண்டை 2 மைலாக மாற்றும் வகைப் பயணக் கார்டை எடுத்துக்கொள்வோம். வருடக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி சேர்த்து 5,900. மாதம் 27,000 வீதம் வருடத்துக்கு 12,960 மைல். மதிப்பு சுமார் 7,650 ரூபாய், கட்டணம் போக 1,750 மிச்சம். கேஷ்பேக் கார்டோ 3,240 தரும். சாதாரண வருடத்தில் பயணக் கார்டு தோற்றுவிடும். ஆபரேஷனின் 2.5 லட்சம் சேர்ந்தால் இன்னும் 10,000 மைல் வரும். அப்போது கட்டணம் போக சுமார் 7,650, கேஷ்பேக்கில் 5,740.

அதனால் ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். புதுக் கார்டில் லிமிட் குறைவாக வரலாம். 1.5 லட்சம்தான் லிமிட் என்றால் முன்பணம், டிஸ்சார்ஜ் பில் என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் முதல் தொகையைக் கட்டிவிட்டு மீதியைப் போடலாம். லிமிட்டைத் தாண்டினால் தனி அபராதம். இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் என்றால், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டினால், அந்தப் பணம் கார்டு வழியே போகாது, மைலும் இல்லை. இரண்டாம் வருடக் கட்டணம் விழும் முன் பாயிண்ட் முழுவதையும் மாற்றிவிட்டுக் கார்டை மூடுங்கள். மூடிய பிறகு பாயிண்ட் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: கெடு தேதிக்குள் முழுத் தொகையும் கட்ட முடிந்தால்தான் இதில் இறங்குங்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 40,000 பாக்கிக்கு ஒரு மாதத்தில் 1,400, ஜிஎஸ்டி சேர்த்து 1,652. ஒரு வருடத்து லாபத்தில் பெரும்பங்கு ஒரே மாதத்தில் போய்விடும்.

ஆம்பூர்_பயணி:
பாயிண்டை மைலாக மாற்றும் இடத்தில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருகிறது. கார்டில் 'எஸ். குமார்' மாதிரி இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். விமான நிறுவனக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்குங்கள். வங்கியிலும் அதே பெயரைத் திருத்திக்கொண்ட பிறகு மாற்றுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் மாற்றம் நின்றுவிடும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் 36 மாதத்தில் காலாவதியாகும். வங்கியிலிருந்து போன மைல் திரும்பி வராது. அதனால் பாயிண்டை வங்கியிலேயே வைத்திருந்து, வேண்டிய தேதியில் சேவர் வகை (குறைந்த மைலுக்குக் கிடைக்கும்) இருக்கை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். மைல் வந்து சேர சில நாள் ஆகலாம் என்பதால் இரண்டு மூன்று தேதிகள் கைவசம் இருக்கட்டும். 355 நாள் முன்பிருந்தே புக்கிங் திறந்திருக்கும், பொங்கல், மே மாதம் என்றால் சீக்கிரம் பாருங்கள். உங்கள் மைலில் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க அவர்களை உங்கள் மைல்ஸ் கணக்கில் நாமினியாக (உங்கள் மைலில் பயணிக்க அனுமதி பெற்றவராக)ச் சேர்க்க வேண்டும், மொத்தம் 5 பேர் வரை சேர்க்கலாம்.

இன்னொன்று, வேலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு டாக்சி வைத்தால் மைல்ஸில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பகல் நேர விமானமாக எடுத்தால் காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் நேராக ஏர்போர்ட் போய்விடலாம். அதிகாலை விமானம் என்றால் மெட்ரோ தொடங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை உறுதி செய்யுங்கள்.