அடைப்பு இல்லாமல் மாரடைப்பு மாதிரி வருமா?

சுங்கை சிப்புட் மகள்:
அம்மாவுக்கு 64 வயது, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இம்மாதத் தொடக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, அவருடைய தம்பி லோரி மோதி இறந்துவிட்டார் என்று போன் வந்தது. காம்பைப் பிடித்தபடியே படிக்கட்டில் சாய்ந்துவிட்டார். நெஞ்சைப் பிசைகிறது என்றார். ரவிக்கை தெப்பலாக நனைந்துவிட்டது. ஈப்போவில் ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக் குழாய்ப் படம்) எடுத்தார்கள், அடைப்பே இல்லை. டகோட்சுபோ என்ற இதயத் தசை நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

“எல்லாம் மனசுதான், மருந்து எதுக்கு?” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மாவும் தலையாட்டுகிறார். வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அனுப்பலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, முதலில் அந்தச் சொந்தக்காரர்கள் பேச்சைக் காதில் போடாதீர்கள். இதய வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், இது மனப்பிரமை இல்லை. அதிர்ச்சியில் அட்ரினலின் தாறுமாறாகச் சுரந்து இதயத் தசையை மரத்துப்போக வைக்கிறது. இடது கீழறையின் நுனி சுருங்காமல் உப்பி நிற்கும், மேல்பக்கம் மட்டும் பலமாக அடித்துக்கொள்ளும். எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில் பார்த்தால் கழுத்து ஒடுங்கிய பானை மாதிரி தெரியும். இ.சி.ஜி. மாறும், இதயத் தசை அடிபட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதமும் ரத்தத்தில் ஏறும். எல்லாம் மாரடைப்பு மாதிரியே இருக்கும். அதனால்தான் ஆஞ்சியோ வரைக்கும் போகிறார்கள்.

2015-இல் வந்த பன்னாட்டு ஆய்வில் 1,750 நோயாளிகள். பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்களே அதிகம்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தசை தேறிவிடும். தேறும்வரைதான் ஆபத்து: நுரையீரலில் நீர் கோக்கலாம், உப்பிய இடத்தில் ரத்தம் உறையலாம். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் நிறுத்தக் கூடாது. மறு எக்கோ தேதியையும் விட்டுவிடாதீர்கள்.

காரியத்துக்கு டாக்டர் சரி என்றால் போகட்டும். கூடப்பிறந்தவன் காரியத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் அதுவே அரிக்கும், இது என் கருத்து.

செம்பனைக்காரன்:
என் மனைவிக்கு இது மகள் கல்யாணத்தன்று வந்தது. சந்தோஷத்திலும் வருமாம், நம்பவே முடியவில்லை! இப்போது நன்றாக இருக்கிறார், வழக்கம்போல என்னைத் திட்டுகிறார். ஒன்று மட்டும்: மறுபடி வலித்தால் “அன்றைக்கு வந்ததுதானே” என்று காத்திருக்காதீர்கள். 999 கூப்பிடுங்கள். அடுத்தது நிஜ மாரடைப்பாகவும் இருக்கலாம்.

சுங்கை சிப்புட் மகள்:
நன்றி அக்கா, அண்ணா. டாக்டரிடம் கேட்டேன், போகலாம், வெயிலில் நிற்கக் கூடாது என்றார். அப்புறம், சித்தி மருதம்பட்டைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
மாத்திரைப் பட்டியலைக் காட்டி டாக்டரிடம் கேட்கும்வரை வேண்டாம். சித்தியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.